பேருந்து நிறுத்தத்தில் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

பள்ளிகளில் ப்ராஜெக்ட் காலம் வந்துவிட்டது என்பது இந்த மாதக் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் கணக்கு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு அரை மணிக்கு ஒரு பேருந்து. அப்படியானால் தோன்றிய நேரத்தில் நிறுத்தத்துக்குப் போனால் சராசரியாக 15 நிமிடம் காத்திருந்தால் போதும் அல்லவா? மூன்று வாரம் குறித்து வைத்தேன், சராசரி 21 நிமிடத்துக்கு மேல் வருகிறது. நான் எங்கே தப்பு செய்தேன்? இதை ப்ராஜெக்டாகக் கொடுக்கலாமா, வேறு தலைப்பு பார்க்கவா?
– பத்தாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி அருகில்

தம்பி, வேறு தலைப்பு பார்க்கவே பார்க்காதீர்கள். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. கணக்கில் வந்த 15-க்கும் நோட்டில் வந்த 21-க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், அதுதான் உங்கள் ப்ராஜெக்ட். நான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு வழிகாட்டியதில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பயந்துபோய் நோட்டை அழித்துத் திருத்திவிடுவார்கள், 15 வரும்படி. நீங்கள் திருத்தாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கே ஒரு பாராட்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அரை மணிக்கு ஒன்று என்பது சராசரிதான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருந்து வருகிறது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒருமுறை 10 நிமிடம், மறுமுறை 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி இடைவெளி இப்போதும் 30 நிமிடம்தான். இப்போது நிமிடத்துக்கு ஒருவராக 60 பேர் நிறுத்தத்துக்கு வருகிறார்கள். அதில் 10 பேர்தான் அந்தச் சின்ன இடைவெளிக்குள் வருவார்கள், அவர்கள் சராசரியாக 5 நிமிடம் நிற்பார்கள். மீதி 50 பேர் பெரிய இடைவெளிக்குள் மாட்டுவார்கள், அவர்களுக்குச் சராசரி 25 நிமிடம். மொத்தம் 50 + 1250 = 1300 நிமிடம், 60 பேருக்கு வகுத்தால் 21 நிமிடம் 40 விநாடி. பெரிய இடைவெளி நீளமானது, அதனால்தான் அதற்குள் போய் விழும் ஆட்களும் அதிகம். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை.

இதைச் சுருக்கமாகச் செய்ய ஒரு வழி: ஒவ்வொரு இடைவெளியையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள், இடைவெளிகளின் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கி, அதனால் வகுத்துவிடுங்கள். மேலே சொன்னதற்கு 100 + 2500 = 2600, அதை 120-ஆல் வகுத்தால் அதே விடை. இரண்டு இடைவெளியும் சரியாக 30 என்றால் 1800-ஐ 120-ஆல் வகுக்க 15 வரும். 20-ம் 40-ம் என்றால் 16 நிமிடம் 40 விநாடி. கவனித்தீர்களா, ஒரு பேருந்துகூடக் கூடுதலாக விடவில்லை, டீசல் செலவு ஏறவில்லை, நேரத்தை ஒழுங்குபடுத்தியதிலேயே ஒவ்வொருவரும் நிற்கும் நேரம் குறைகிறது. இதை உங்கள் ஊர் எண்களை வைத்து எழுதி, பணிமனை மேலாளரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டலாம். ப்ராஜெக்ட் என்றால் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

உங்களுக்கு இனி உள்ள வேலை, பேருந்து வந்த நேரத்தைக் குறிப்பது. இதுவரை நீங்கள் நின்ற நேரத்தைத்தான் குறித்திருக்கிறீர்கள். ஐந்து நாள், ஒரே இரண்டு மணி நேரம், ஒவ்வொரு வண்டியும் வந்த நிமிடம். அதிலிருந்து சூத்திரத்தில் வரும் விடையும் நீங்கள் நின்று பார்த்த 21-ம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். வண்டிகள் ஏன் இப்படி ஜோடியாக வந்து சேர்கின்றன என்பதையும் அங்கேயே நின்று கவனிக்கலாம்: ஒரு வண்டி கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், ஏற்றி இறக்கவே நேரமாகும், அது இன்னும் தாமதமாகும், பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இருக்காது, அது ஓடி வந்து முன்னதைப் பிடித்துவிடும்.

அப்புறம் இதே கணக்கைப் பள்ளிக்குள்ளும் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 பேர், இன்னொன்றில் 20 பேர். அலுவலகத்தில் கேட்டால் வகுப்புக்குச் சராசரி 40 என்பார்கள். அந்த 80 பிள்ளைகளிடமும் 'உன் வகுப்பில் எத்தனை பேர்' என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 50 வரும். இரண்டும் உண்மை, கேட்ட ஆள்தான் வேறு.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தின் பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என் எண் (புத்தகத்தின் அடையாள எண்) 0-8044-2957-எக்ஸ் என்று இருக்கிறது. எண்ணில் எழுத்து எப்படி வந்தது? அச்சுப்பிழையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மதுரை

அச்சுப்பிழை இல்லை. அந்த எக்ஸ் என்பது பத்து, ரோமன் எண்ணில் எழுதுவோமே அதே பத்து. கடைசி இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். முதல் இலக்கத்தை 10-ஆல் பெருக்குங்கள், அடுத்ததை 9-ஆல், அடுத்ததை 8-ஆல், இப்படியே இறங்கி வந்து கடைசியை 1-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். உங்கள் எண்ணுக்கு 0 + 72 + 0 + 28 + 24 + 10 + 36 + 15 + 14 + 10 = 209. அது 11-ஆல் மீதியின்றி வகுபடும், 19 தடவை. இப்படி வகுபட வைக்கத்தான் கடைசி இலக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சில சமயம் அதற்கு பத்து தேவைப்படுகிறது, ஒரே இடத்தில் பத்தை எழுத முடியாததால் எக்ஸ்.

இப்போது கடைக்காரர் எண்ணை எழுதும்போது 9-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டு 2597 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 205 ஆகிவிடும், 11-ஆல் வகுத்தால் மீதி 7. மாட்டிக்கொண்டார். 11 பகா எண் என்பதால் ஓர் இலக்கம் தப்பானாலும், எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், இந்த முறை கண்டுபிடித்துவிடும். ஏன் என்று நீங்களே நிரூபித்துப் பாருங்கள், உங்கள் வகுப்புக் கணக்கே போதும்.

ப்ராஜெக்டுக்கு உரிய இடம் இதற்கு அடுத்து வருகிறது. 2007 ஜனவரி முதல் 13 இலக்க எண் வந்துவிட்டது. கடைகளில் மற்ற சாமான்களுக்கு இருக்கும் பட்டைக் குறியோடு பொருந்த வேண்டும் என்பதற்காக முன்னால் 978 சேர்த்தார்கள். அதில் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கி 10-ஆல் வகுக்கிறார்கள். எழுத்து தேவையில்லை, வசதிதான், ஆனால் பலம் குறைந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் 2-ம் 7-ம் இருந்து இடம் மாறினால், முன்பு 2 + 21 = 23, பின்பு 7 + 6 = 13, வித்தியாசம் சரியாக 10, கணக்குக்குத் தெரியவே தெரியாது. 5 வித்தியாசம் உள்ள எந்த ஜோடிக்கும் இதே கதி. வெவ்வேறு இலக்கங்களால் அமையும் 45 ஜோடிகளில் இப்படித் தப்பித்துப் போவது 5. வங்கி அட்டைகளில் உள்ள முறை ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, அதில் 09-ம் 90-ம் இடம் மாறினால் தெரியாது. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் வருகிறது. நெதர்லாந்துக்காரரான வெர்ஹோஃப் 1969-இல் ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் கிடைக்கும் பத்து நிலைகளை வைத்து ஒரு பெருக்கல் அட்டவணை அமைத்தார், அதனால் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டே ஓர் இலக்கத் தப்பையும் பக்கத்து இலக்க இடமாற்றத்தையும் முழுவதும் பிடிக்க முடிகிறது.

இந்த நான்கு முறைகளையும் வைத்துக்கொண்டு, வகுப்புத் தோழிகளுக்கு 12 இலக்க எண்களைப் போனில் வாசித்து எழுதச் சொல்லுங்கள். எந்த மாதிரித் தப்பு உண்மையில் அதிகம் வருகிறது, அதை எந்த முறை பிடிக்கிறது என்று பட்டியல் போடுங்கள். ஒன்றே ஒன்று, வீட்டார் யாருடைய ஆதார் எண்ணையும் வங்கி அட்டை எண்ணையும் ப்ராஜெக்ட் நோட்டில் எழுதாதீர்கள். எண்களை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

என் பாட்டி 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி வளைத்துப் போடும் சிக்குக் கோலத்தைக் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடிக்கிறார். 4 வரிசை, 4 புள்ளி என்றால் முடியாது என்கிறார். ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்கிறார். இதில் கணக்கு இருக்கிறதா?
– எட்டாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

எனக்கு வந்த கடிதங்களில் மிகவும் பிடித்தது இதுதான், கண்ணு. கணக்கு நிறையவே இருக்கிறது.

முதலில் விதியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி வைத்த செவ்வகம், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எதை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவே கம்பி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறுக்காகப் போகும், ஓரத்தில் வளைந்து திரும்பும். இந்த விதியில் ஒரு கட்டம் போட்ட நோட்டில் 2-க்கு 3 போடுங்கள், ஒரே கம்பி. 2-க்கு 4, இரண்டு கம்பி. 3-க்கு 4, ஒன்று. 3-க்கு 6, மூன்று. 4-க்கு 6, இரண்டு. 4-க்கு 4, நான்கு. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வண்ணப் பென்சில் எடுத்துக்கொண்டால் எண்ணுவது சுலபம். இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, 6-க்கு 9-க்கு எத்தனை வரும் என்று போடாமலே சொல்ல முடிகிறதா பாருங்கள். மீப்பெரு பொதுக் காரணி என்று ஆறாம் வகுப்பில் படித்தீர்களே, அதுதான் விடை. 6-க்கும் 9-க்கும் 3, ஆகவே மூன்று கம்பி. பாட்டியின் 3-க்கும் 4-க்கும் பொதுக் காரணி 1 மட்டும், அதனால் ஒரே கம்பியில் முடிகிறது.

ஏன் அப்படி? கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சரியாகச் சாய்வாக அடித்தால் ஓரத்தில் பட்டுத் திரும்பித் திரும்பி ஓடும். கோலக் கம்பியும் அதே மாதிரிதான் ஓடுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறதோ அதே அளவு மேலும் கீழும் நகர்கிறது. கிளம்பிய இடத்துக்கு, கிளம்பிய திசையிலேயே திரும்பி வர வேண்டுமென்றால் பக்கவாட்டுப் பயணமும் மேல்கீழ்ப் பயணமும் ஒரே நேரத்தில் சுற்றை முடிக்க வேண்டும். அது நடப்பது மீச்சிறு பொது மடங்கில். 3-க்கும் 4-க்கும் அது 12, பெருக்கல் பலனும் 12, அதனால் ஒரு கம்பியே கோலம் முழுவதையும் சுற்றிவிடுகிறது. 4-க்கும் 6-க்கும் மீச்சிறு பொது மடங்கு 12, பெருக்கல் பலன் 24, அதனால் கம்பி பாதியைப் போட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிய இடத்துக்கு வந்துவிடுகிறது, மீதிப் பாதிக்கு இன்னொரு கம்பி வேண்டியிருக்கிறது.

அடுத்ததாகப் பாட்டியிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 4-க்கு 4 கோலத்தில் இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கே வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் அந்த இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும். இப்படி மூன்று இடத்தில் செய்தால் நான்கு கம்பியும் ஒரே கம்பி. பெரிய கோலங்களைப் போடுகிறவர்கள் கையில் இந்த வித்தை இருக்கிறது, வாயால் சொல்லத்தான் தெரிவதில்லை. எந்த மூன்று இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கோலம் நாலு பக்கமும் ஒரே மாதிரி அழகாக நிற்கும், அப்படி ஒன்று முடியுமா முடியாதா? நீங்களும் பாட்டியும் உட்கார்ந்து தேடுங்கள். ப்ராஜெக்டில் பாட்டி பெயரையும் போடுங்கள், அவர் உங்கள் கூட்டாளி.

கோலத்தில் போய் ஆராய்ச்சியா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்தை ஒரு மொழி மாதிரி எடுத்துக்கொண்டு, அதற்கு இலக்கணம் எழுதி, கணினி வரைகலை ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படங்களுக்கும் இலக்கணம் எழுதலாம் என்ற துறையில் கோலம் இன்றுவரை பேசப்படும் உதாரணம்.

எங்கள் பள்ளியில் கணக்கு ப்ராஜெக்ட் என்றாலே பிள்ளைகள் தங்க விகிதம் என்று ஒரே சார்ட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எல்லாம் நெட்டில் இருந்து எடுத்தது. என்ன செய்யலாம்?
– கணித ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

டீச்சர், தலைப்பைத் தடை செய்ய வேண்டாம். அளந்த நோட்டைக் கேளுங்கள், போதும். முகத்தில் தங்க விகிதம் 1.618 இருக்கிறது என்று எழுதியிருந்தால், எத்தனை முகம் அளந்தாய், எங்கிருந்து எங்கே அளந்தாய், எத்தனை முகத்தில் வரவில்லை என்று கேளுங்கள். நெற்றி எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே வேண்டிய விடை வந்துவிடும் என்பதை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால், அது சார்ட்டைவிட ஆயிரம் மடங்கு பெரிய ப்ராஜெக்ட். அதே பிள்ளையிடம் ஓர் அன்னாசிப் பழத்தைக் கொடுத்து, கண்களின் சுருள் வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு பக்கம் சாய்வது 8, மறுபக்கம் 13 என்பது வழக்கமாக வரும், இரண்டும் ஃபிபோனாச்சி எண்கள் (1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதும் வரிசை, அடுத்தடுத்த எண்களின் விகிதம் போகப்போகத் தங்க விகிதத்தை நெருங்கும்). அங்கே உண்மையாகவே விஷயம் இருக்கிறது. பத்துப் பழம் எண்ணட்டும், வராத பழத்தையும் எழுதட்டும். எண்ணி முடித்த பழத்தை வகுப்பிலேயே வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

என் மகன் இதற்கு இவ்வளவு நேரம் செலவழிக்கிறானே, மதிப்பெண்ணுக்கு உதவுமா?
– ஒரு தாய், திருப்பூர்

பள்ளித் தேர்வில் நேரடியாகப் பெரிதாக உதவாது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், அதே சூத்திரத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று சரிபார்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். 1993-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைத்து வந்திருக்கிறது, தமிழிலேயே ஆய்வைச் சமர்ப்பிக்கலாம். மகனின் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள் அம்மா. தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் நோட்டை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

குளத்து மீன்கள் எல்லாவற்றையும் பிடிக்காமலே எண்ணிக்கையைக் கணிக்கும் முறையைப் புளியங்கொட்டையில் செய்து பார்த்தேன். பையில் இருந்து 50 கொட்டைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, திரும்பப் போட்டுக் கலக்கி, 40 எடுத்தேன். மூன்று தடவை செய்ததில் வெள்ளைக் கொட்டை 6, 8, 11 வந்தது. விடை 333, 250, 182. உண்மையில் எண்ணினால் 262. எந்த விடையை எழுதுவது? 250-ஐ மட்டும் எழுதினால் போதும் என்கிறான் நண்பன்.
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி

மூன்றையும் எழுதுங்கள். உங்கள் நண்பர் சொல்வதைக் கேட்டால் ப்ராஜெக்டின் உயிரே போய்விடும். உங்கள் கணக்கு சரி: 50-ஐ 40-ஆல் பெருக்கி, கிடைத்த வெள்ளைக் கொட்டையின் எண்ணிக்கையால் வகுக்கிறீர்கள். புலிகளைக்கூட இந்த வழியில்தான் கணக்கிடுகிறார்கள், பெயிண்டுக்குப் பதில் புலியின் வரி. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதால், காட்டில் வைத்த தானியங்கிக் கேமராவில் அதே புலி மறுபடி எத்தனை முறை விழுகிறது என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் 2022 கணக்கெடுப்பில் சராசரியாக 3,682 புலிகள் என்று அறிவித்தபோதும், குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்போடுதான் சொன்னார்கள். அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் 333-ம் 182-ம் காட்டுகின்றன.

மூன்று தடவை பத்தாது. முப்பது தடவை செய்யுங்கள், ஒவ்வொரு விடையையும் எண்கோட்டில் ஒரு புள்ளியாக வையுங்கள், 262-க்கு ஒரு கோடு போடுங்கள். அப்புறம் 40-க்குப் பதில் 80 எடுத்து இன்னும் முப்பது தடவை, புள்ளிகள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்க வேண்டும், பெயிண்ட் காய்வதற்கு முன் போட்டால் வெள்ளைக் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விடையைக் கெடுத்துவிடும், ஒருமுறை என் பிள்ளைகளுக்கு அப்படி நடந்து ஒரு மாலை வேலை முழுவதும் வீணாகிவிட்டது. முடித்ததும் அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள், அறுபது புள்ளிகளையும் நான் பார்க்க வேண்டும்.